ஆபரேஷன் ஆனவரைத் தேற்றாதீர்கள்!

தலைப்பைப் பார்த்ததும் "இவனுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் (ஏன், தமிழ்நாடு முழுக்கத்தான்) ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நிற்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "உடம்பு ரொம்பத் துவண்டு போச்சு, நல்லாத் தேத்தணும்." அன்றைக்கு ஆரம்பிக்கும் தேற்றல். காலையில் முட்டை, பதினோரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி, மதியம் நெய் ஊற்றிச் சோறு, சாயங்காலம் ஆட்டுக்கால் சூப், ராத்திரி சர்க்கரை தூக்கலாகப் பால். கூடவே ஒரு கட்டளை: "ஒரு வருஷத்துக்கு ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது!"

பிரசவம், டைபாய்டு, காசநோய் என்று உடம்பை உருக்கிவிடும் விஷயங்களில் இந்தத் தேற்றலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பஞ்சம் பார்த்த சமூகம் இது. சோறு போடுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. அதை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் ஒரு நோயில் இந்த அன்பு தப்பான இடத்தில் போய் விழுகிறது. அது புராஸ்டேட் புற்றுநோய். அதில் ஆபரேஷனுக்குப் பிறகு ஏறும் எடை வெறும் எடை இல்லை. அதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுபவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை. என் சண்டை இந்த இரண்டு பேரோடும்தான்.

முதலில், எந்த ஆபரேஷன்?

இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் குழப்பம் வரும். புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வயதாக ஆக நிறையப் பேருக்கு அது சும்மாவே பெருக்கும். அது புற்றுநோய் அல்ல. சிறுநீர் அடைத்துக்கொண்டால் குழாய் வழியாகவே உள்ளே போய்ச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். "எங்க மாமாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன்" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான் பேசுவது இதைப் பற்றி அல்ல.

புற்றுநோய் என்றால் முக்கியமாக இரண்டு வகை ஆபரேஷன். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் சுரப்பியை முழுசாக எடுத்துவிடலாம். இது முதல் வகை. நோய் எலும்பு வரைக்கும் பரவிவிட்டால் சுரப்பியை எடுப்பதில் பொதுவாகப் பெரிய பலன் இருக்காது. அப்போது நோய்க்குத் தீனி போடும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை நிறுத்துவார்கள். அதற்கு ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு விதைகளையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். இது இரண்டாம் வகை. 1941ல் சார்லஸ் ஹக்கின்ஸ் இந்த வழி பலன் தருவதைக் காட்டினார், 1966ல் நோபல் பரிசும் வாங்கினார். மேல்நாடுகளில் இப்போது ஊசிதான் அதிகம். நம் நாட்டில் விதை எடுக்கும் ஆபரேஷன் இன்னும் நிறைய நடக்கிறது. காரணம் எளிது. ஒரே தடவையில் முடிந்துவிடும், செலவு குறைவு, ஊசிக்காகத் திரும்பத் திரும்ப பஸ் ஏற வேண்டாம்.

இரண்டு வகைக்குப் பிறகும் எடை முக்கியம். ஆனால் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெறும் 2.2 கிலோ

சுரப்பியை முழுசாக எடுத்த பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் அநேகமாக இல்லாமலே போய்விட வேண்டும். மறுபடி அது தலைகாட்டி 0.2 என்ற அளவைத் தாண்டி, அடுத்த பரிசோதனையிலும் உறுதியானால் நோய் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 1,337 பேரை வைத்து ஒரு ஆய்வு 2011ல் வெளியானது. ஆபரேஷனுக்கு 5 வருஷம் முன்னால் தொடங்கி, ஆபரேஷன் முடிந்து 1 வருஷம் வரை எடை எப்படி மாறியது என்று பார்த்தார்கள். எடை மாறாமல் இருந்தவர்களை விட, 2.2 கிலோவுக்கு மேல் கூடியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட 2 மடங்கு.

2 மடங்கு என்றதும் பாதிப் பேருக்குத் திரும்பிவிடும் என்று பயந்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, 100 பேரில் 5 பேருக்குத் திரும்பும் இடத்தில் 10 பேருக்குத் திரும்புகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்த 2.2 கிலோவை யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன முட்டை, கஞ்சி, நெய், சூப், பால் பட்டியலுக்கு அதெல்லாம் ஒரு எடையா? ஒரே மாசத்தில் ஏற்றிவிடுவோம்!

அதே 2011ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய இன்னொரு கட்டுரையும் வந்தது. பி.எம்.ஐ. 5 கூடினால், சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. திரும்ப ஏறும் வாய்ப்பு 21 சதவீதம் கூடுகிறது என்று அது சொன்னது. (பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 5 என்பது 13, 14 கிலோ.)

ஏன் இப்படி? கொழுப்பு என்பது சும்மா தொங்கும் சதை இல்லை. அது ஹார்மோன் சுரக்கும், உடம்பில் மெல்லிய அழற்சியை வைத்திருக்கும், இன்சுலினை ஏற்றிவிடும். இவை புற்றுநோய்ச் செல்களுக்குச் சாதகமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இன்னொரு காரணம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. குண்டானவர்களுக்கு உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு அதிகம். ஒரு ஸ்பூன் உப்பை டம்ளரில் கரைப்பதற்கும் குடத்தில் கரைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? அதே மாதிரி அவர்கள் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். 2007ல் 13,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை வைத்து இதைக் காட்டினார்கள். "ரிப்போர்ட் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு மேஜைக்குப் போகிறவர்களில் இவர்கள் இருக்கிறார்கள். மேஜையிலும் சிக்கல்தான். வயிற்றுக் கொழுப்புக்கு நடுவே இடுப்புக் குழிக்குள் வேலை செய்வது சிரமம், நேரமும் ரத்த இழப்பும் கூடும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை எல்லாம் ஆட்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வுகள். எடையைக் குறைத்தால் நோய் திரும்பாது என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. 2020ல் வெளியான ஒரு சோதனையில், ஆபரேஷன் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த 478 பேரில் ஒரு பாதிக்குக் காய்கறி அதிகம் சாப்பிடும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வளரும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே "கேன்சரைக் கரைக்கும் ஜூஸ்" என்று யூட்யூபில் கடை விரிக்கிறவர்கள் என்னைத் துணைக்கு இழுக்க வேண்டாம். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். குறைப்பதால் குணமாகும் என்று தெரியாத போதும், ஏற்றுவது ஆபத்தோடு சேர்ந்தே வருகிறது என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் எதற்கு ஏற்றுகிறீர்கள்?

வேட்டி நனையும் பிரச்சினை

நோய் திரும்புவது வருஷக்கணக்கில் நடக்கும் விஷயம். அதற்கு முன்னால், ஆபரேஷனாகி வீட்டுக்கு வந்த முதல் மாசத்திலேயே ஒரு பிரச்சினை வரும். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிறுநீர்க் கசிவு.

சுரப்பியை எடுக்கும்போது சிறுநீரை அடக்கும் தசைகள் பாதிக்கப்படும். இருமினால், தும்மினால், எழுந்தால் கசியும். பெரும்பாலானவர்களுக்கு மாசங்கள் போகப்போகச் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் வேட்டி நனைந்து விடுமோ என்று பயந்தால் என்ன ஆகும்? டீக்கடைக்குப் போக மாட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக மாட்டார். பஸ் ஏற மாட்டார். வீட்டுக்குள்ளேயே கட்டிலில் கிடப்பார். கிடந்தால் எடை ஏறும். எடை ஏறினால் வயிறு அழுத்தும். அழுத்தினால் இன்னும் கசியும். முடிந்ததா கதை?

இது கற்பனை இல்லை. 2010ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதைத்தான் எண்ணிக் காட்டியது. ஆபரேஷன் ஆகி 58 வாரம் கழித்தும் கசிவு இருந்தவர்கள், குண்டாகவும் உடம்பை அசைக்காமலும் இருந்தவர்களில் 59 சதவீதம். குண்டாக இல்லாமல் உடற்பயிற்சியும் செய்தவர்களில் 16 சதவீதம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த எண் இன்னொன்று. குண்டாக இருந்தும் உடற்பயிற்சி செய்தவர்களில் 25 சதவீதம்தான். குண்டாக இல்லாமல் சும்மா இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு, 24 சதவீதம். அதாவது எடை குறையாவிட்டாலும், நடந்தாலே பாதிக் கிணறு தாண்டலாம்! (சின்ன ஆய்வுதான். ஆனாலும் "துரும்பைக்கூட அசைக்காதே" என்ற நம் கட்டளைக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.)

"எங்க அப்பா ஒல்லிதான் தம்பி"

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபணை வரும். "இதெல்லாம் பர்கர் தின்னும் அமெரிக்காக்காரனுக்கு. எங்க அப்பா கை, கால் எல்லாம் குச்சி மாதிரிதான் இருக்கு. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னாடி இருக்கும்."

அந்தக் "கொஞ்சம்" தான் பிரச்சினை சார். 2004ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. நம்ம ஆட்களின் உடம்பு வாகு அப்படி. அதனால்தான் மேல்நாட்டில் 30க்கு மேல் பருமன் என்றால், இந்தியர்களுக்கு 25லேயே பருமன் என்று 2009ல் நம் மருத்துவர்கள் கூடி வரையறுத்தார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்குதான். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்றது. மொத்த உடம்பும் பருமன் என்று கணக்கில் வந்தவர்கள் 28.6 சதவீதம்தான். தராசில் தெரியாதது டேப்பில் தெரிகிறது.

இரண்டாம் வகை ஆபரேஷன்

விதை எடுத்தவர்கள் கதை இன்னும் விசேஷம். டெஸ்டோஸ்டிரோன் போய்விட்டால் உடம்பின் கணக்கே மாறிவிடுகிறது. இதே ஹார்மோனை ஊசி மூலம் நிறுத்தியவர்களை 48 வாரம் அளந்து பார்த்து 2002ல் ஒரு ஆய்வு வந்தது. எடை சராசரியாக 2.4 சதவீதம்தான் கூடியிருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் உள்ளே பார்த்தால் கொழுப்பு 9.4 சதவீதம் கூடி, தசை 2.7 சதவீதம் குறைந்திருந்தது! 2006ல் 73,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், ஹார்மோனை நிறுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஊசிக்காரர்களுக்கும் சரி, விதை எடுத்தவர்களுக்கும் சரி. எலும்பும் மெலிந்து எளிதில் முறியும்.

ஊசியையாவது நிறுத்தலாம். எடுத்த விதை திரும்பி வராது. மிச்ச ஆயுள் முழுக்க அந்த உடம்போடுதான் வாழ வேண்டும். இப்படிப்பட்டவருக்கு நெய்ச் சோறும் கட்டிலும் கொடுத்தால், கேன்சர் மட்டுமல்ல, சர்க்கரையும் மாரடைப்பும் கூடவே வாசலில் வந்து நிற்கும். அவருக்குத் தேவை பருப்பு, முட்டை, மீன் மாதிரி புரதமும், தசைக்கு வேலையும். 2003ல் ஒரு சோதனையில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் 3 நாள், 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குச் சோர்வு குறைந்தது, தசை பலம் கூடியது. ஜிம்மெல்லாம் வேண்டாம். நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதும், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவதுமே ஆரம்பத்துக்குப் போதும். நோய் எலும்பில் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மலை மேலே கதை தலைகீழ்

இவ்வளவு நேரம் பேசியது கீழ்நாட்டுக்காரர்கள் கதை. கள்ளக்குறிச்சியில் இருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே போய் "எடையைக் குறை" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அதைவிட அபத்தம் இருக்க முடியாது.

வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தத் தாலுகாவில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள்). சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் என்று மலையோடு மல்லுக்கட்டும் ஜனங்கள். ஏறி இறங்கியே உடம்பு உரமேறியிருக்கும், ஆனால் சதை இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிக் கேள்வி கேட்டது. அதற்கு முன்னால் அந்த மலையில் யார் இளைத்தார், யார் செத்தார் என்று கீழே யாருக்குக் கவலை?

மலையில் 65 வயது ஆள் ஒருவர் 6 மாசத்தில் 5 கிலோ இளைக்கிறார், இடுப்பும் முதுகும் விடாமல் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்வார்கள்? "வயசாயிடுச்சு, சுமை தூக்கின உடம்பு, வலிக்கத்தான் செய்யும்." புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது முதலில் தேடிப் போகும் இடங்களில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தான் முக்கியம். இந்தியாவில் நிறையப் பேருக்கு நோய் பரவிய பிறகே தெரிய வருகிறது. மலையில் இருப்பவருக்கு அந்த 5 கிலோ குறைவுதான் முதல் தந்தி. ஆனால் தந்தியைப் படிக்க அங்கே யாரும் இல்லை, ஏனென்றால் போன வருஷம் அவர் எடை என்ன என்பதே யாருக்கும் தெரியாது.

ஆக, கீழே இருப்பவருக்கு ஏறும் எடை எச்சரிக்கை. மேலே இருப்பவருக்கு இறங்கும் எடை எச்சரிக்கை. மேலே இருப்பவருக்கு ஆபரேஷன் நடந்தால் அவரை உண்மையிலேயே தேற்றத்தான் வேண்டும். (பார்த்தீர்களா, எனக்கும் இரக்கம் உண்டு!) யாரைத் தேற்றுவது, யாரைத் தேற்றக் கூடாது என்பதை எது சொல்லும்? கண் சொல்லாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்ல மாட்டார். தராசு சொல்லும்.

எடை மேடை ஊரில் மனுஷனுக்குத் தராசு இல்லை

கள்ளக்குறிச்சி மாதிரி எடை போடும் ஊர் எங்கே இருக்கிறது? ஊரைச் சுற்றி ரைஸ் மில்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்பு லாரி எடை மேடையில் ஏறி இறங்காமல் ஒரு கட்டு உள்ளே போகாது. மரவள்ளிக் கிழங்குக்கு எடை, நெல்லுக்கு எடை, ரேஷன் அரிசிக்கு எடை. மனுஷனுக்கு? பால்வாடியில் 5 வயசு வரைக்கும் மாசாமாசம் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். அதற்கப்புறம் அவன் 60 வயசு ஆகி, மயக்க ஊசிக்கு அளவு பார்க்க ஆஸ்பத்திரியில் ஏற்றும் வரை தராசுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

சரி, ஆஸ்பத்திரியாவது பார்த்துக்கொள்ளும் என்றால், அங்கே ஒரு சிக்கல். 2019ல் தனி மாவட்டம் ஆனோம், 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். நல்லது. ஆனாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் கேன்சர் என்றால் சேலம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை என்று ஓடுவதுதான் வழக்கம். ஆபரேஷன் நடப்பது அங்கே சில மணி நேரம். அதற்குப் பிறகு வரும் 365 நாளும் நடப்பது இங்கே, நம் வீட்டு அடுப்படியில். பி.எஸ்.ஏ. பார்க்க இங்கேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தத் தாளில் பி.எஸ்.ஏ. இருக்கும். எடை இருக்காது. இடுப்புச் சுற்றளவு இருக்கவே இருக்காது.

டிஸ்சார்ஜ் சீட்டிலோ பல நேரம் "நார்மல் டயட்" என்று இரண்டு வார்த்தை. யாருக்கு நார்மல்? 82 கிலோ ரைஸ் மில் முதலாளிக்கா, 43 கிலோ மலைக்காரருக்கா? டாக்டர்களைக் குறை சொல்வது சுலபம், வெளியே 200 பேர் காத்திருக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் சீட்டில் "எடை இவ்வளவு, இதற்கு மேல் போகக் கூடாது" அல்லது "இதற்குக் கீழே போகக் கூடாது" என்று ஒரே ஒரு வரி தமிழில் எழுத எத்தனை நொடி ஆகும்?

"இளைச்சுட்டீங்களே" கோஷ்டி

கடைசியாக என் கோபம் முழுவதும் இவர்கள் மேல்தான். ஆபரேஷன் ஆனவர் கஷ்டப்பட்டு நடந்து, சோற்றைக் குறைத்து, 4 கிலோ இறக்கியிருப்பார். ஒரு கல்யாணத்துக்கு வருவார். உடனே, "என்னா மாமா, பாதி உடம்பா ஆயிட்டீங்க? டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேன்சர் என்றாலே இளைப்பது என்று சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட சமூகம். அன்று ராத்திரியே மனுஷன் பயந்துபோய் மறுபடி சூப்பில் விழுந்துவிடுவார்.

முயற்சி செய்யாமல் தானாக இளைத்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்து இளைத்தவரை இழுத்துப் பயமுறுத்துவது என்ன நியாயம்? இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றாலும் கையில் ஒரு கணக்கு வேண்டும். எந்த மாசம் எவ்வளவு, என்ன செய்ததால் குறைந்தது என்று எழுதி வைத்திருந்தால், கல்யாண வீட்டு வைத்தியர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

"எத்தனை பேருக்கு வரப்போகிறது, இதற்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்கலாம். மேல்நாட்டை விட நமக்குக் குறைவுதான். ஆனால் ஆயுள் கூடக்கூட இந்த நோயும் கூடும். 2020ல் உலகம் முழுக்க வருஷத்துக்கு 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள், 2040ல் 29 லட்சம் ஆவார்கள் என்று 2024ல் லான்செட் குழு ஒன்று கணக்கிட்டது. நம் அப்பாக்களும் மாமாக்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள்.

என்னதான் செய்யணும்கிறே?

பெரிய மிஷின் எதுவும் கேட்கவில்லை.

1) ஒரு நோட்டு. மாசம் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் எடை. தொப்புளை ஒட்டி டேப்பில் இடுப்புச் சுற்றளவு. பக்கத்தில் பி.எஸ்.ஏ. பார்த்த தேதியும் அளவும். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் இந்த நோட்டு கூடப் போக வேண்டும்.

2) முதல் சில வாரம் காயம் ஆற வேண்டும், டியூப் எடுக்க வேண்டும், கனமாக எதையும் தூக்கக் கூடாது. அப்போதும் வீட்டுக்குள் நடக்கலாம். டாக்டர் சரி என்றதும் தெருவில் நடக்க ஆரம்பிக்க வேண்டும். கசிவுக்கு அடி இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சி இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

3) 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கேன்சர் ஆபரேஷன் ஆனவர் வீட்டில் அவர்கள் எடையையும் இடுப்பளவையும் எழுதட்டும். கீழே 2 கிலோ ஏறினாலும் மலையில் 2 கிலோ இறங்கினாலும் டாக்டருக்குச் செய்தி போகட்டும். அரசாங்கத்துக்கு இதில் ஆகும் கூடுதல் செலவு ஒரு டேப், ஒரு தராசு.

4) டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஒரு வரி. தமிழில்.

5) பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸை விட்டுவிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். வழியில் கழிப்பறை இருக்கும் பாதையாகப் பார்த்து. அவர் கேட்க மாட்டார், நீங்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் உடம்பு நல்லா இருக்கணும் என்று நினைப்பதில் நமக்குள் சண்டை இல்லை. அதை அவர் தட்டில் கொட்டித்தான் காட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இப்போது திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.